ராடு தாங்குமா என்று முதலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, நம் பகுதி இளைஞர்களின் கார் மோகம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல நடையில் எழுதப்பட்டிருந்தது. படங்களும் அழகாக இருந்தன. ஆனால் சாதாரணக் கார் ஒன்றில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைப் பூட்டி, ஈசியூ எனும் எஞ்சின் கணினியின் கணக்கை மாற்றிவிட்டால் 100 குதிரைத்திறன் எஞ்சின் 250 ஆகிவிடும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். ஆகும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த 250 குதிரைகளை எஞ்சினுக்குள் எது தாங்கப்போகிறது, எத்தனை ஓட்டத்துக்குத் தாங்கும் என்பதை அவர் எழுதவில்லை. அந்த விடுபட்ட பகுதிதான் என் பட்டறைக்கு உடைந்த உருவில் வந்து சேர்கிறது என்பதால், இக்கடிதம் சற்று நீண்டாலும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

காரைக்குடியில் 34 ஆண்டுகளாக எஞ்சின் பட்டறை நடத்திவருகிறேன். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங், அதன் சுவரை நுணுக்கமாகத் தேய்க்கும் ஹோனிங், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைச் சாணை பிடிக்கும் கிரைண்டிங், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் வேலை ஆகியவையே என் தொழில். பழகியது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினிலும் லாரி எஞ்சின்களிலும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கார் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் பழைய சீமைக் கார்கள் சிலவும் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. கடந்த பத்தாண்டுகளாக, கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டு ஓட்டப் போட்டிக்குக் கார் தயார் செய்யும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. ஆர்வம் இல்லாத பையன் பட்டறைக்குள் கால் வைக்கவே மாட்டான்.

எஞ்சினுக்குள் நடக்கும் இழுபறியை எண்களில் சொன்னால்தான் விளங்கும். ஜப்பானியரின் பல இரண்டு லிட்டர் எஞ்சின்களுக்குரிய அளவை எடுத்துக்கொள்வோம்: சிலிண்டர் விட்டம் 86 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மி.மீ., பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடின் நீளம் சுமார் 140 மி.மீ. பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பின், பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள், ராடின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்று வைப்போம். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் இந்த அரைக் கிலோ, நொடிக்கு 200 முறை ஓடி நின்று திரும்புகிறது. மேல் முனையில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அதைப் பிடித்து இழுக்க ராடு தர வேண்டிய விசை ஒரு டன்னுக்கு மேல். அதே எஞ்சினை 8,000 சுழற்சிக்கு ஓட்டினால் விசை இரண்டு டன் ஆகிறது. சுழற்சி மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு, இழுவை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. விசை சுழற்சியின் வர்க்கத்தில் ஏறும் என்பதே காரணம். இது டர்போ இல்லாமலே உள்ள கணக்கு. இனி வெடிப்பின் அழுத்தத்தைப் பாருங்கள். 60 பார் அழுத்தம் எழும் சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் அந்த 86 மி.மீ. பிஸ்டனின் தலைமேல் மூன்றரை டன் எடை விழுகிறது. டர்போ காற்றைத் திணித்து அந்த அழுத்தத்தை 120 பாராக ஆக்கினால் ஏழு டன். நம் ஊர் வீதியில் செங்கல் ஏற்றி வரும் ஒரு லாரியின் சரக்கு, விரல் தடிமனுள்ள ஒரு ராடின்மேல், நொடிக்கு ஐம்பது அறுபது தடவை.

ஆக, ராடுக்கு இரண்டு விதமான சாவு இருக்கிறது. சுழற்சி மிகுந்தால் இழுபட்டு அறும். டார்க், அதாவது முறுக்குவிசை, மிகுந்தால் நசுங்கி வளையும். சென்ற ஆண்டு பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த எஞ்சினில் இரண்டாவது வகையைக் கண்கூடாகக் காட்ட முடிந்தது. தொலைவில் உள்ள ஒரு பட்டறையில் டர்போ பூட்டி, குறைந்த சுழற்சியிலேயே முழுக் காற்றும் வந்துவிடும்படி கணக்கு ஏற்றியிருந்தார்கள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இழுவை மட்டும் குறைந்து, ஐடிலில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, நடுங்குகிறது என்றார். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை மேல் முனைக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் எனும் நுண்ணளவுக் கருவியை வைத்தபோது, மூன்றாவது பிஸ்டன் மட்டும் மற்றவற்றைவிட அரை மி.மீ. அளவுக்குக் கீழே நின்றது. ராடு வளைந்து குட்டையாகிவிட்டது. இரண்டாவது பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் இடையிலுள்ள வரம்பு பெயர்ந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகைப் பொடித்துத் தூவியது போல் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன. நாக்கிங் எனும் தாறுமாறான வெடிப்பு பிஸ்டனைத் தின்னத் தொடங்கிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் ராடு, சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அந்தத் தம்பி இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்று வருந்தினார். நான் இப்போது எழுதுவது அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

நம் சாலைக் கார்கள் பலவற்றில் இருக்கும் ராடுகள் உலோகத்தூளை அழுத்தி, சூடேற்றி அடித்துச் செய்யப்படுபவை. ராடையும் அதன் அடிமூடியையும் ஒரே துண்டாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பிரிக்கிறார்கள். உடைந்த முகங்கள் ஒன்றுக்கொன்று பல்லும் பள்ளமுமாகப் பொருந்திக்கொள்ளும். தொழிற்சாலைக்கு இது மலிவு, துல்லியம். எங்களைப் போன்ற பட்டறைக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: பழைய ராடுகளில் செய்வது போல மூடியின் முகத்தைச் சற்றுத் தேய்த்து, கிராங்கைப் பற்றும் துவாரத்தை மீண்டும் வட்டமாக்கும் வேலை இவற்றில் செல்லாது. வட்டம் கெட்டுவிட்டால் ராடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உயர்ந்த குதிரைத்திறனுக்குச் செல்பவர்கள் 4340 என்னும் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகில் அடித்துச் செய்த ராடுகளுக்கு மாறுகிறார்கள். அவற்றில் குறுக்குவெட்டு ‘ஐ’ வடிவமா ‘எச்’ வடிவமா என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அந்த வாதம் முக்கியமே இல்லை. போல்ட் எது என்று கேளுங்கள்; அதை யார், எப்படி முறுக்கினார் என்று கேளுங்கள்.

எஞ்சினில் வேறெந்த மரையாணிக்கும் இல்லாத பாரம் ராடு போல்டுக்கு இருக்கிறது. எரிந்த வாயு வெளியேறும் சுற்றின் முடிவில், பிஸ்டனை மேலிருந்து அழுத்த எதுவும் இல்லாத வேளையில், மேலே சொன்ன இரண்டு டன் இழுவை முழுவதும் அந்த இரண்டு போல்டுகளில் தொங்குகிறது. போல்ட் ஒரு ஸ்பிரிங் போன்றது. முறுக்கும்போது நீண்டு, அந்த நீட்சியால்தான் இறுக்கிப் பிடிக்கிறது. டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலையடியிலும் உராய்வாகவே செலவாகிவிடும்; மிஞ்சிய ஒரு பங்குதான் இறுக்கம். தடவிய எண்ணெய் மாறினாலே அந்த மிச்சமும் மாறும். ஆகவே பந்தய எஞ்சினில் போல்டின் நீளத்தை முறுக்குமுன் மைக்ரோமீட்டரில் அளந்து, முறுக்கிய பின் மீண்டும் அளந்து, செய்தவர் குறித்துத் தந்த நீட்சி வந்ததா என்று பார்க்கிறோம். பொதுவாக அது ஏறத்தாழ 0.15 மி.மீ. இருக்கும். கழற்றிய பிறகு போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் 0.025 மி.மீ. கூடி நின்றால் அது செத்த போல்ட். கட்டடத்தில் கொத்தனார் நூல் கணக்கில் பார்ப்பார். ஒரு நூல் என்பது ஏறத்தாழ மூன்று மி.மீ. எங்கள் தொழிலில் அந்த ஒரு நூலுக்குள் நூறு எஞ்சின் செத்துப் பிழைக்கும்.

இதை உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்குத் தவறு செய்ததால் வந்தது. தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டு, ஒரு வாடகை வண்டி எஞ்சினைச் சேர்க்கும்போது பழைய ராடு போல்டுகளையே துடைத்துப் போட்டேன். பார்க்க நன்றாக இருந்தன. தேவகோட்டை போகும் வழியில் ஒன்று அறுந்து, பிளாக்கில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டை பிளாக்கை எடைக்குப் போடாமல் பட்டறை வாசலில் வைத்திருக்கிறேன். வருபவர்கள் அதில் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள்.

பிஸ்டனில் பலருக்கு இருக்கும் நம்பிக்கை, ‘ஃபோர்ஜ்டு’ என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் போதும் என்பது. வார்ப்புப் பிஸ்டனில் சிலிக்கான் மிகுதியாகச் சேர்ப்பார்கள். அதனால் சூட்டில் குறைவாக விரியும், சத்தமில்லாமல் ஓடும், தேய்மானம் குறைவு. ஆனால் நாக்கிங்கின் அடி விழுந்தால் பீங்கான் போலத் துண்டாகும். அடித்துச் செய்யும் பிஸ்டன்களில் 4032 என்ற கலவையில் சிலிக்கான் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2618 என்ற கலவையில் மிகச் சொற்பம். பின்னது அடி தாங்கும், நெளிந்து கொடுக்கும். அதற்கு ஈடாகச் சூட்டில் நிறைய விரியும். சாலைக் காரின் வார்ப்புப் பிஸ்டனுக்குச் சிலிண்டர் சுவரோடு ஏறத்தாழ 0.03 மி.மீ. இடைவெளி இருந்தால், டர்போவோடு ஓடும் 86 மி.மீ. அளவுள்ள 2618 பிஸ்டனுக்கு 0.08 முதல் 0.10 வரை விட வேண்டியிருக்கும். காலையில் வண்டியை எழுப்பும்போது பிஸ்டன் சுவரில் தட்டிக் ‘கடகட’ என்னும். அதைக் கேட்டுப் பயந்து, இடைவெளியைக் குறைத்துத் தரச் சொல்லி வற்புறுத்திய வாடிக்கையாளரும் உண்டு. குறைத்துக் கொடுத்தால் இரண்டாவது ஓட்டத்திலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சத்தம் வேண்டாம் என்றால் குதிரையும் வேண்டாம் என்றுதான் பொருள்.

ரிங்கின் முனை இடைவெளியும் இதே கதைதான். சாதாரண எஞ்சினில் சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது வழக்கமான கணக்கு, 86 மி.மீ.க்கு 0.34. டர்போ எஞ்சினில் அது ஆயிரத்தில் ஆறு பங்குக்கு, அதாவது அரை மி.மீ.க்குச் சற்று மேலே போகும். புதிய ரிங் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டுபவர்கள், சூட்டில் ரிங் நீண்டு இரு முனைகளும் முட்டி, போக இடமில்லாமல் பிஸ்டனின் வரம்பையே பெயர்த்து எடுப்பதை அறியமாட்டார்கள். ஒவ்வொரு ரிங்கையும் அதது செல்லும் சிலிண்டரில் வைத்து அளந்து, கையால் அரம் பிடித்துச் சரிசெய்வது அரைநாள் வேலை. அதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். டர்போவுக்கு லட்சம் கொடுத்தவர்கள்தாம் அவர்களும்.

பிளாக்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெயரைத் தவிர்க்க முடியாது. டொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சினைத் திறக்காமலே மூன்று மடங்கு திறன் எடுக்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு, நம் சிறிய காரிலும் அது நடக்கும் என்று நம்பி வருகிறார்கள். அது 2997 சிசி, ஆறு சிலிண்டர். வார்ப்பிரும்பு பிளாக், கிராங்கைத் தாங்கும் ஏழு மெயின் பேரிங், அடித்துச் செய்த கிராங்க், டர்போ வகையில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீச்சும் குழாய்கள். தொழிற்சாலையில் 280 குதிரைத்திறன் என்று விற்ற பொருளைச் செய்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு தாங்குமாறு செய்துவைத்திருந்தார்கள். எடையையும் எரிபொருளையும் குறைக்கவென்று மெலிதாக வார்த்த நம் 1.2 லிட்டர் அலுமினிய பிளாக்குக்கு அந்த உபரி கிடையாது. அதில் சிலிண்டர்களின் மேல்விளிம்பு தண்ணீருக்கு நடுவே பிடிமானம் இல்லாமல் நிற்கும். அழுத்தம் ஏறினால் சிலிண்டரே ஆடி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைத் தின்றுவிடும். இதற்குத் தீர்வாக உறுதியான வார்ப்பிரும்பு ஸ்லீவ் எனும் உள்குழல்களை இறக்கி மேல்விளிம்பை மூடுகிறார்கள். முழுக்க ஓட்டப் பந்தயத்துக்கே ஆன வண்டிகளில், தண்ணீர் ஓடும் அறைகளைச் சிமெண்ட் போன்ற ஒரு கலவையால் பாதியோ முழுவதுமோ நிரப்பி இறுகச் செய்வதும் உண்டு. பத்துப் பன்னிரண்டு நொடி மட்டும் முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குத் தண்ணீர் அவ்வளவு தேவைப்படாது என்பதால் இது செல்லுபடியாகிறது. அதே வண்டியை எடுத்துக்கொண்டு குன்றக்குடிக்குப் போய் வர நினைத்தால் பாதி வழியில் கொதிக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் கீழே சுண்ணாம்பும் செங்கல்பொடியும் இட்டு இறுக்கும் கொத்தனார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் எஞ்சினுக்குள் காரை ஊற்றுவதை முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் மாவட்டப் பட்டறைகளில் பெரும்பாலும் நடக்காத ஒரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். ஹெட்டை வைத்து இறுக்கும்போது பிளாக் நெளியும். வட்டமாக இருந்த சிலிண்டர் போல்டுகளின் பக்கம் இழுபட்டுக் கோணும். வெறும் பிளாக்கை அழகாக வட்டமாக ஹோனிங் செய்து கொடுத்தால், ஹெட் ஏறிய பிறகு அந்த வட்டம் இருக்காது. அதற்காக, ஹெட்டுக்குப் பதில் நடுவில் துளையிட்ட தடித்த எஃகுத் தகடு ஒன்றை, அதே போல்டுகளால் அதே முறுக்கில் இறுக்கிவைத்து, அந்த நெளிந்த நிலையிலேயே ஹோனிங் செய்ய வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித் தகடு செய்ய வேண்டியிருப்பதால் நானும் எல்லோருக்கும் செய்வதில்லை. செய்த எஞ்சின்கள் புகை கக்கி இன்றுவரை திரும்பி வந்ததில்லை.

கிராங்க், நல்ல வார்ப்பாக இருந்தாலும், சில நூறு குதிரைத்திறன் வரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. விரிசல் சோதனை செய்து, பேரிங்கில் சுழலும் பகுதியான ஜர்னலை மெருகேற்றி, பேரிங் இடைவெளியை 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. என்ற பழைய விதியையொட்டி வைத்தால் போதும். மெயின் பேரிங்கின் மூடிகளைப் பிடிக்கும் போல்டுகளை எடுத்துவிட்டு, தலையில்லாத மரையாணியான ஸ்டட் போடுபவர்கள், அந்த மாற்றத்தாலேயே மெயின் துவாரங்களின் வட்டம் மாறிவிடும் என்பதையும், மறுபடி நேர்கோட்டில் ஹோனிங் செய்யாமல் கிராங்கை இறக்கக் கூடாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். எடைச் சமன் பற்றி ஒரே ஒரு கணக்கு: ஒரு பிஸ்டன் மற்றொன்றைவிட ஒரு கிராம் கூடினால், 8,000 சுழற்சியில் அந்த ஒரு கிராம் மூன்று கிலோ விசையாக உதைக்கும். தங்கம் நிறுக்கும் தராசுதான் எங்களுக்கும் வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். நின்ற நிலையிலிருந்து வண்டி பாயும்போது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள எண்ணெய் முழுவதும் பின்னால் ஏறிக்கொள்ளும். எண்ணெய் உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருக்கும் வண்டியில், ராடுக்கு மிக அதிகமான சுமை விழும் அந்த இரண்டு மூன்று நொடியில் பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் உருகி ராடைக் கவ்வ அது போதும். பிறகு எஞ்சினைத் திறந்து பார்த்து ‘ராடு தாங்கவில்லை’ என்று ராடு செய்தவரைத் திட்டுகிறார்கள். சம்ப்பில் தடுப்புத் தகடுகள் வைத்து, எண்ணெய் ஓடிப்போகாமல் கதவு போட்டுத் தடுப்பது சில ஆயிரம் ரூபாய் வேலை. நான் பார்த்த உடைசல்களில் பாதியை அந்தச் சில ஆயிரம் ரூபாய் தடுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஹெட்டில், பல அடுக்கு எஃகு கேஸ்கெட், நல்ல ஸ்டட்கள், சுழற்சிக்கு ஏற்ற வால்வு ஸ்பிரிங். இவற்றுக்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் ஸ்டட் பற்றி ஒரு சம்பவம் உண்டு. அழகுக்காக ஹெட் ஸ்டட்களை ஒரு முலாம் கடையில் கொடுத்துக் குரோம் பூசி மாட்டிய ஒருவர், மறுநாள் காலையில் நிறுத்திவைத்த வண்டியில் இரண்டு ஸ்டட்கள் தாமாகவே முறிந்து கிடக்கக் கண்டார். மந்திரம் ஏதுமில்லை: முலாம் பூசும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் உயர்வலிமை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்குந்தன்மை உடையதாக்குகிறது, இறுக்கத்தில் நிற்கும் ஆணி சில மணி நேரம் கழித்து முறிகிறது. பூசிய உடனே அடுப்பில் இட்டு, 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடேற்றி அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாத முலாம், வெள்ளிப் பூண் போட்ட பனைநார்தான்.

இவ்வளவும் செய்த பிறகு எஞ்சின் நீண்ட நாள் உழைக்குமா என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். உழைக்காது. சாலைக் காரின் எஞ்சினைச் செய்தவர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டருக்காகச் செய்தார்கள். அதில் அவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டப் பந்தய எஞ்சினின் ஆயுள் ஓட்டங்களில் எண்ணப்படுவது. பன்னிரண்டு நொடி ஓட்டத்தில், 6,500 சுழற்சி சராசரி என்று வைத்தால், கிராங்க் 1,300 முறைதான் சுழல்கிறது. அமெரிக்காவின் உச்ச வகுப்பான டாப் ஃப்யூவல் வண்டிகள் நைட்ரோமீத்தேன் எனும் எரிபொருளில் ஓடி 11,000 குதிரைத்திறனுக்கு மேல் தருகின்றன. அவற்றின் ராடுகள் எஃகில்கூட இல்லை, அலுமினியம். அடியைச் சற்று உள்வாங்கிப் பேரிங்கைக் காப்பாற்றும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் களைத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வார நாளில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் ஒரே எஞ்சின் என்று கேட்பவரிடம், எவ்வளவு திறன் வேண்டும் என்பதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் பின்னிரவில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லும் பிள்ளைகளின் எஞ்சினை நான் தொடுவதில்லை. பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது 189-ஆவது பிரிவின்படி சிறைக்குரிய குற்றம். ஒரு காலத்தில் சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் இருக்கிறது. நம் செட்டிநாட்டிலும் அதே போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, அங்கே நடத்தலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அது அரசு முடிவுசெய்ய வேண்டியது. 402 மீட்டர் ஓடுவதற்கு இடம் இருந்தால் போதாது, அந்த வேகத்திலிருந்து நிற்பதற்கு அதைவிட நீளமான இடமும், ஆம்புலன்சும், தீயணைப்பு ஆட்களும் வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. காரைக்குடியில் 1952 முதல் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிறது. சந்தையில் பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியில் போலி ராடு போல்டுகள் வருகின்றன. நானே ஒருமுறை ஒரு செட் வாங்கி, முறுக்கும்போதே அவை இழுபட்டு நீண்டதைப் பார்த்தேன். கண்ணால் பார்த்து அசலையும் போலியையும் பிரிக்க எங்களால் முடியாது. கடினத்தன்மையை அளக்கும் கருவியும், இழுத்து அறுத்துப் பார்க்கும் கருவியும் வேண்டும். மாதத்தில் ஒரு நாள், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் போல்டையும் ராடையும் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துத் தரவும், விரிசல் சோதனைக்கு மாணவர்களைத் துணைக்கு அனுப்பவும், முலாம் பூசிய பாகங்கள் பற்றி சிக்ரி விஞ்ஞானிகள் எங்கள் முலாம் கடைக்காரர்களுக்கு அரைநாள் வகுப்பு எடுக்கவும் ஏற்பாடு ஆனால், இந்தப் பகுதியில் நூறு பட்டறைகள் பயனடையும். மாணவர்களுக்கும் கரும்பலகையில் இல்லாத சில உடைசல்களை நாங்கள் கொண்டுவந்து காட்ட முடியும்.

பள்ளத்தூர்த் தம்பியின் பிளாக் இப்போது தகடு இறுக்கி ஹோனிங் முடிந்து, எண்ணெய் தடவித் துணி சுற்றி என் மேசைமேல் இருக்கிறது. புது ராடுகள் வந்துவிட்டன. போல்டுகளைச் சோதிக்க வழி கிடைக்கும்வரை நான் சேர்க்கப்போவதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்று ஒப்புக்கொண்டு, டர்போவை வீட்டில் வைத்துவிட்டுப் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறார்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.